பெட்டிக்குள் நாலாவது பெயர்

எனக்கு எழுத்து நடந்தது, கலியாணம் நடக்கவில்லை. எங்கள் தீவுகளில் யாரிடமும் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது. வெளியாருக்குத்தான் விளக்க வேண்டும். எங்களிடம் எழுத்து என்றால் விவாகப் பதிவு. பதிவுகாரர் வீட்டுக்கு வருவார். மாப்பிள்ளையும் பெண்ணும் பெரிய புத்தகத்தில் ஒப்பம் வைப்பார்கள். வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சட்டப்படி அதோடு புருசன் பெண்சாதி. ஊர்ப்படி தாலி ஏறும்வரை அவர் அவர் வீட்டில், நான் என் வீட்டில். இடையில் ஒரு கிழமையும் போகலாம், ஒரு வருடமும் போகலாம். எனக்கு ஆறு வருடம் போனது.

அந்த ஆறு வருடத்தை நினைத்தால் முதலில் வருவது அவருடைய முகம் இல்லை. ஒரு ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகம். மெல்லிசாக, இரண்டு கம்பி குத்தி, பழைய கடதாசி மணத்தோடு. அது அவர் எனக்குத் தந்தது என்று கனகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அவர் தந்தது ஒரு சுடுதண்ணிப் போத்தல். பெட்டிக்குள் போத்தல் ஆடாமல் இருக்க அந்தப் புத்தகத்தைச் சுருட்டிச் செருகியிருந்தார். யார் செருகினது என்றும் தெரியாது. கடைக்காரனாகக்கூட இருக்கலாம்.

அவர் சரக்குக் கப்பலில் வேலை. ஆனி மாதக் கடைசியில் விடுமுறையில் வந்தார். ஆடியில் கலியாணம் வைக்க முடியாது, ஆடி முடிவதற்குள் அவர் கப்பலுக்குத் திரும்பவேண்டும். "எழுத்தையெண்டாலும் முடிச்சு வைப்பம்" என்றார் அம்மா, சந்தையில் நல்ல மீன் போய்விடப் போகிறதே என்ற அவசரத்தோடு. புளியங்கூடலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு எழுத்து முடிந்தது. நான் ஒப்பம் வைக்கும்போது பதிவுகாரர், "பிள்ளைக்கு நல்ல வடிவான எழுத்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எந்த எழுத்தைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் போவதற்கு முன் ஒருநாள், அம்மாவும் தங்கச்சியும் கூடவர, வாடகைக் கார் பிடித்துச் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். காரை விட்டு இறங்கும்போது அவர் கை தந்தார். பிடித்து இறங்கினேன். "கப்பலிலை இருந்து கடல் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு, நீர் பாரும்" என்றார். நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபிறகு தங்கச்சி, "கை என்ன மாதிரி இருந்துது?" என்று குடைந்தாள். யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. கை என்றால் கை மாதிரித்தான் இருக்கும் என்று அவள் வாயை அடைத்தேன்.

கப்பல் போனபிறகு புத்தகத்தை எடுத்தேன். அதைச் சுருள் எடுக்கவே நாலு நாள் சென்றது. அம்மியின் கீழே வைத்தேன், அதுவும் சரிவரவில்லை, கடைசியில் அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். என் ஆங்கிலம் எஸ்.எஸ்.சி.யோடு நின்ற ஆங்கிலம். அலுமாரிக்குள் மட்டை போன அகராதி ஒன்று கிடந்தது. கப்பல்காரன் பெண்சாதி ஒருநாள் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் நிற்கவேண்டி வரும், நாலு வசனமாவது பேசத் தெரியவேண்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம். இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது. அந்தப் புத்தகத்தைப் படித்து நான் பேசப் பழகியிருந்தால், துறைமுகத்தில் நின்று "பாலம் இடியப்போகிறது, ஓடுங்கள்" என்றுதான் கத்தியிருப்பேன்.

கதை இதுதான். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஒருவன். உலை வெடிக்கிறது. அவன் சாகவில்லை, ஆனால் அன்றோடு தோலில் உணர்ச்சி போய்விடுகிறது. நெருப்புச் சுடாது, குண்டு பட்டால் நோகாது. சாம்பல்நிறச் சட்டையும் மஞ்சள் போர்வையும் போட்டுக்கொண்டு ஊரைக் காப்பாற்றப் புறப்படுகிறான். எதிரி ஒரு எஞ்சினியர். பெரிய குழல் ஒன்றை ஊதிப் பாலங்களை இடிக்கிறான், ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒரு தாதியும் வருகிறாள். ஒரு கட்டத்தில் அவள் அவன் கையைப் பிடிக்கிறாள். அவன் குனிந்து தன் கையைப் பார்க்கிறான். பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான், பிடித்திருக்கிறாள் என்று. அந்தப் பக்கத்தில் நான் கனநேரம் நின்றேன்.

கதைக்கு நடுநடுவே விளம்பரங்கள். மெலிந்தவனைப் பயில்வானாக்கும் பாடம், சுவருக்கு அப்பால் பார்க்கும் கண்ணாடி, தண்ணீரில் போட்டால் உயிர்பெறும் ஏதோ பூச்சி முட்டைகள். பின்பக்கத்தில் வாசகர்கள் எழுதிய கடிதங்கள். ஒருவன், போன இதழில் போர்வையின் நிறம் பிழை என்று ஆசிரியரைத் திட்டியிருந்தான். திட்டினதையும் அச்சடித்துப் போட்டிருந்தார்களே என்று ஆச்சரியப்பட்டேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பக்கம் இருந்தால் அம்மா அடுப்புக்குள் வைத்திருப்பார்.

முதல் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஐந்து பெயர்கள். கதை ஒருவர், பென்சில் ஒருவர், மை ஒருவர். நாலாவது பெயருக்கு முன்னால் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி இரண்டு பொருள் தந்தது: கடிதம், எழுத்து. ஐந்தாவது நிறம். இப்படி ஒரு பொய்யைச் சொல்ல ஐந்து ஆம்பிளைகள் வேண்டியிருந்திருக்கிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று தெரியாது, ஆனால் ஒவ்வொருவரும் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். பென்சில்காரர் கைவிரல்களை வரையாமல் தப்பப் பார்ப்பவர், முடிந்தவரை முட்டியாக மூடிவிடுவார். மைக்காரர் முதலில் நிதானம், கடைசிப் பக்கங்களில் யாரோ அவசரப்படுத்தியது போல் கோடுகள் தடித்துக் கிடந்தன. நிறக்காரர் பற்றிச் சொல்லவேண்டாம், தாதியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் கிடந்தது.

தங்கச்சிக்கு ஆங்கிலம் ஓடாது. அவளுக்காகத் தமிழ்ப்படுத்தத் தொடங்கினேன். கொப்பித் தாளை வெட்டி, தமிழில் எழுதி, சோற்றுப் பசையால் அவர்கள் வாயில் இருந்து வரும், பேச்சு எழுதிய முட்டை வட்டங்களுக்கு மேலே ஒட்டினேன். அங்கேதான் வில்லங்கம் பிடித்தது. ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருக்கிற முட்டைக்குள் தமிழ் அடங்காது. வசனத்தைச் செதுக்கவேண்டும். எழுத்தைச் சின்னதாக்கினால் வாசிக்க முடியாது, பெரிதாக்கினால் எதிரியின் மூக்கை மறைக்கும். தங்கச்சி பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக வாசிப்பாள். உலை வெடித்தவன் "என்னாலை ஏலாது" என்றதும், "உவர் புளியங்கூடலானோ அக்கா?" என்று கேட்டாள்.

பெட்டிக்குள் நாலாவது பெயருக்கு நான் முதலில் "கடிதம்" என்று ஒட்டினேன். வாசகர்களுக்குப் பதில் போடுகிறவர் என்று விளங்கிக்கொண்டேன். அரைவாசிப் புத்தகம் ஒட்டி முடித்தபிறகுதான் பிழை தெரிந்தது. முட்டைகளுக்குள் இருக்கும் எழுத்தும் ஒருவர் கையால் எழுதியது. மற்றவர்கள் சொல்ல நினைத்ததை, தந்த இடத்துக்குள், வடிவாக எழுதிக் கொடுப்பதுதான் அந்த நாலாவது ஆளின் வேலை. நான் இரண்டு கிழமையாகச் செய்துகொண்டிருந்த அதே வேலை. "கடிதம்" என்பதை உரித்துவிட்டு "எழுத்து" என்று ஒட்டினேன்.

தங்கச்சி பார்த்துவிட்டு, "உவருக்கும் எழுத்து மட்டுந்தானோ? கலியாணம் எப்பவாம்?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மா குசினிக்குள் இருந்து அகப்பையோடு வந்து பார்த்தார்.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்றும் கண்டுபிடித்தேன். அந்த எழுத்துக்காரர் சில சொற்களை மட்டும் தடிப்பாக எழுதுவார். வசனம் முழுக்க ஒரே மாதிரிப் போகும், ஒரு சொல் மட்டும் கறுத்துத் தடித்து நிற்கும். பேசுகிறவன் அந்தச் சொல்லைத்தான் உண்மையாகச் சொல்ல வருகிறான். மற்றதெல்லாம் அதைக் கொண்டுவர வந்த சொற்கள். ஒட்டும்போது நானும் பேனையால் இரண்டுதரம் போய் அப்படியே தடிப்பாக்கினேன்.

கடைசிப் பக்கத்தில் பாலம் சரிகிறது. சனங்கள் பாலத்துக்கு மேலே. அவன் கீழே நின்று இரண்டு கையாலும் தாங்குகிறான். முகத்துக்கு மேலே முகில் மாதிரி ஒரு முட்டை, சின்னச் சின்ன வட்டங்கள் போட்டு. அது வாயால் சொல்லாமல் நினைப்பது. கனக்கச் செதுக்கி நான் அதற்குள் ஒட்டியது இவ்வளவுதான்: "கை இருக்குதோ எண்டு தெரியேல்லை. எப்ப விடுறது?" கீழே, மிச்சம் அடுத்த இதழில்.

இனி ஐயாவின் கடிதங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். தாலி கட்டாத மாப்பிள்ளைக்குப் பெண் நேரே கடிதம் போடுவது எங்கள் வீட்டில் இல்லை. ஐயா சொல்வார், நான் எழுதுவேன். ஐயாவின் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் அவருக்கும் அது வசதி. "அன்புள்ள மருமகனுக்கு" என்று தொடங்கி, புகையிலைக் கன்று வைத்தது, மழை பிந்தினது, பாண் வாங்கக் கடையில் வரிசையில் நின்றது எல்லாம் சொல்லிக்கொண்டே போவார். நீல நிற ஏயார் மெயில் தாளில் இடம் ஒரு அளவு. நான் மனதுக்குள்ளே செதுக்கி எழுதுவேன். கீழே ஐயாவின் பெயர். இப்படித்தான் என் புருசனுக்கு நான் கடிதம் எழுதினேன்.

அவரும் ஐயாவுக்கே பதில் போடுவார். "மாமா, உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதம் பிந்திவிட்டது. அடுத்த கடிதத்தில் விபரமாக எழுதுகிறேன்." விபரமான கடிதம் ஒருநாளும் வந்ததில்லை. கப்பல் ஒன்று மாறி இன்னொன்றில் ஏறினார், விடுமுறை தள்ளிப்போனது, இன்னொருதரமும் தள்ளிப்போனது. இரண்டாம் வருடம் ஐயாவின் வசனங்களுக்கு இடையில் என்னுடைய வசனம் ஒன்றைச் செருகினேன். முன்னர் தந்த புத்தகத்தின் அடுத்த இதழ் கண்ணில் பட்டால் கொண்டுவரவும் என்று. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. கடைசி வரியில், "எந்தப் புத்தகம்?" என்று கேட்டிருந்தார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன புத்தகம் பிள்ளை?" "ஒண்டுமில்லை ஐயா" என்றேன். போய்ச் சுடுதண்ணிப் போத்தலைக் கழுவி வைத்தேன். அன்றைக்கு அதைக் கழுவவேண்டிய தேவை இருக்கவில்லை.

நாலாம் வருடம் வந்த கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. ஐயா விறாந்தையில் இருந்து உரத்து வாசித்தார். "கப்பல் எங்கெங்கேயோ போகிறது. உங்கள் கடிதங்கள் பிந்தித்தான் கைக்குக் கிடைக்கிறது. ஆனபடியால் எழுத்தை இத்தோடு விடுவம் என்று யோசிக்கிறேன். கோவியாதேங்கோ."

ஐயாவின் முகம் தெளிந்தது. "கடிதம் எழுதுறதை விடச் சொல்லுறார். வாறார் போலை கிடக்கு. வாற ஆள் எழுதி என்ன பிரியோசனம்?" அம்மா சாமி அறைக்குள் போய் விளக்குக் கொளுத்தினார். கூறைச்சேலை எங்கே எடுப்பது என்ற பேச்சு அன்று பின்னேரமே தொடங்கிவிட்டது. அவர்களைப் பிழை சொல்ல மாட்டேன். எழுத்து என்றால் கையால் எழுதுவதும்தானே.

தாளை மடித்து வைக்கச் சொல்லி ஐயா என்னிடம் தந்தார். அப்போதுதான் பார்த்தேன். மற்ற வரிகள் ஓடிக்கொண்டு போயிருந்தன. "எழுத்தை" என்ற சொல்லில் மட்டும் பேனை நின்றிருந்தது. நின்ற இடத்தில் மை ஊறித் தடித்துக் கறுத்திருந்தது. நாலு வருடத்தில் அவர் கடிதத்தைக் கடிதம் என்றுதான் எழுதினவர், ஒருதரமாவது எழுத்து என்று எழுதவில்லை. கடிதம் போடாமல் விடுவதற்கு யாராவது கோவியாதேங்கோ என்று கேட்பார்களா? வாயால் சொல்லப் பயந்து, இரண்டு முகம் உள்ள சொல்லாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார். ஆள் கெட்டிக்காரன்.

அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, மாட்டுக்குக் கஞ்சித் தண்ணீர் வைத்தேன்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சொன்னால் அம்மா தலையில் அடித்து அழுவார், ஊர் வந்து துக்கம் விசாரிக்கும், எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லாததையும் பார்த்துவிடுவார்கள். அதற்குத்தான் பயந்தேன். இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. அம்மா கலியாணத்துக்கென்று அரிசிமா இடிக்க நாள் பார்ப்பார், நாள் போகும், வேறு நாள் பார்ப்பார். "கப்பல்காரி எப்ப போறாள்?" என்று கிணற்றடியில் கேட்பவர்களுக்கு நானே சிரித்துக்கொண்டு பதில் சொன்னேன். நல்லாகத்தான் இருந்தேன். பசித்தது, சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன்.

என்னை அசைத்தது தங்கச்சியின் அலுவல். சுருவில் ஊரில் இருந்து அவளுக்கு ஒரு இடம் வந்தது. வாத்தியார் வேலை, நல்ல மனிசன், அவளுக்கும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை அவள் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கிழமை முழுக்கத் தலையை இழுத்து இழுத்துக் கட்டினாள். பிறகு மாப்பிள்ளையின் தமக்கை வந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மூத்தவவின்ரை அலுவல் ஒரு முடிவுக்கு வரட்டும். வாற தை மாதம்வரை பொறுப்பம், பிறகு பாப்பம்." அப்படிச் சொல்லிப் போனவர்களில் அவர் இரண்டாவது. இவர்கள் தைவரை பொறுப்பதாகச் சொன்னதே பெரிய காரியம்.

அவர் போனதும் குசினிக்குள் போனேன். தங்கச்சி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பூ முடிந்து சிரட்டை தேய்கிற சத்தம் கேட்டது, அவள் நிறுத்தவில்லை. "விடடி, சிரட்டையைத் துருவுறாய்" என்றேன். அவள் நிமிர்ந்து, "நீ விடன் அக்கா" என்றாள். என்னத்தை என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளும் அந்தப் புத்தகத்தை என்னோடு இருந்து வாசித்தவள். அலுமாரியைப் பூட்டும் திறப்பும் எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில்தான் கிடந்தது.

அன்று பின்னேரம் ஐயா கூப்பிட்டார். அந்த இரண்டு வருடத்தில் அவருக்குக் கண்ணில் பூப்படர்ந்து, ஆளைக் குரலை வைத்துத்தான் மட்டுக்கட்டுவார். "பிள்ளை, தாள் எடு. எழுதவேண்டாம் எண்டவர்தான், எண்டாலும் ஒருக்கா மருமகனுக்கு எழுதிப் பாப்பம். கப்பல் கொம்பனி விலாசத்துக்குப் போட்டால் கிடைக்கும்."

விறாந்தைக் கதிரையில் ஐயா இருந்தார். நான் மேசையில் நீலத் தாளை விரித்தேன். "அன்புள்ள மருமகனுக்கு" என்றார் ஐயா. நான் எழுதவில்லை. "நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீர் வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம். இளையவளுக்கும் ஒரு இடம் வந்து கிடக்கு..."

நான் எழுதினேன்.

"எழுத்தை விடுவம் என்று நீங்கள் எழுதியது எனக்கு விளங்கியது. அன்றைக்கே விளங்கியது. ஐயாவுக்கு விளங்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. எனக்குச் சம்மதம். பதிவை ரத்துச் செய்ய, கோட்டுக்கு நான் ஒப்பம் வைக்கவேண்டிய கடதாசிகளை அனுப்புங்கோ. தங்கச்சிக்கு இடம் வந்திருக்கிறது, ஆனபடியால் சுணங்கவேண்டாம்."

"என்ன, பேனை நிக்குது?" என்றார் ஐயா.

"இல்லை ஐயா. சொல்லுங்கோ."

அவர் மழையைப் பற்றிச் சொன்னார். புகையிலைக்கு இந்தமுறை நோய் என்றார். நான் முதல் வரிக்குத் திரும்பிப் போய், "எழுத்தை" என்ற சொல்லின் மேல் பேனையால் இரண்டுதரம் போனேன். தடித்து நின்றது. குனிந்து என் கையைப் பார்த்தேன், பேனையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. கீழே, ஐயாவின் பெயர் வழக்கமாக வரும் இடத்தில், என் பெயரை எழுதினேன். ஆறு வருடத்தில் அந்தத் தாளில் அது முதல்தரம்.

"வாசி பாப்பம்" என்றார்.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அன்புள்ள மருமகனுக்கு, நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், நீர் வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம், மழை, புகையிலை. ஒன்றும் தவறவில்லை. நாலு வருடமாக எழுதிய வசனங்கள், தாளில் இருக்கவேண்டும் என்றில்லை. வாசித்துக்கொண்டு போகும்போது அழுகை வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு, அவருக்காக இல்லை, கதிரையில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஐயாவுக்காக. ஒருக்கால் செருமிவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன்.

ஐயா கையை நீட்டினார். கொடுத்தேன். தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, வெளிச்சத்துக்கு அங்கேயும் இங்கேயும் சரித்து, கனநேரம் பார்த்தார்.

"எழுத்து நல்ல வடிவாய்க் கிடக்கு பிள்ளை" என்றார். "ஒட்டு."